கெய்ர்ன்ஸிலிருந்து ஒரு நாள் மழைக்காடு: தனி வண்டி பேசலாமா?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் (72) அம்மாவும் (67) வந்திருக்கிறார்கள். ஜூலை பள்ளி விடுமுறையில் எல்லோருமாகக் குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் நகரத்துக்குப் போகிறோம். அதில் ஒரு நாள் டெயின்ட்ரீ மழைக்காட்டையும் கேப் டிரிபுலேஷன் கடற்கரையையும் பார்க்க ஆசை. பெரிய பேருந்தில் கூட்டத்தோடு போவதா, கார் வாடகைக்கு எடுப்பதா, வழிகாட்டியோடு தனி வண்டி பேசுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆறு வயது மகளோ கடலில் குளித்தே ஆக வேண்டும் என்கிறாள். ஒரே நாளில் எவ்வளவு பார்க்க முடியும்?

பதில்: மகள் விஷயத்தை முதலில் பேசிவிடலாம். கேப் டிரிபுலேஷன் கடலில் அவளை இறக்காதீர்கள். ஜூலையில் ஜெல்லி மீன் தொல்லை குறைவு என்பது சரிதான். நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் அந்த இனத்தில் ஆளைக் கொல்லும் வகைகள் இங்கே உண்டு. அவற்றின் காலம் நவம்பர் முதல் மே வரை. அதை மட்டும் படித்துவிட்டு ஜூலையில் குளிக்கலாம் என்று நிறையப் பேர் கிளம்பி வருகிறார்கள். ஆனால் உவர்நீர் முதலைக்குக் காலக்கணக்கு கிடையாது. ஆற்று முகத்துவாரம், ஓடை, கடற்கரை எல்லாமே வருடம் முழுக்க அதன் புழக்கத்தில் இருக்கும் இடங்கள்தான். 2016 மே மாதம், நீங்கள் போகப்போகும் அதே சாலையோரம் இருக்கும் தார்ன்டன் கடற்கரையில், இரவில் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கிய ஒரு பெண்ணை முதலை இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமாக இருந்தாலும், நீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். ஓடைகள் கடலில் கலக்கும் வாய்ப்பகுதிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

குளிப்பதற்கு கெய்ர்ன்ஸ் நகரத்திலேயே, எஸ்பிளனேடு என்னும் கடலோர நடைபாதையில் லகூன் இருக்கிறது. கடல்நீர் நிரப்பிய பெரிய குளம், கட்டணம் இல்லை, உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: காட்டுக்குப் போகும் நாளில் கடலைப் பார்க்கலாம், மணலில் விளையாடலாம், குளியல் வேறொரு நாள். முன்கூட்டியே சொன்னால் அழுகை பாதியாகக் குறையும்.

இப்போது வண்டி. ஐந்து பேர், அதில் இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்றால் என் ஓட்டு தனி வண்டிக்குத்தான். நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். தனி வண்டிக்குப் பெரும்பாலும் ஆள் கணக்கில் இல்லாமல் வண்டி கணக்கில்தான் விலை. ஐந்தால் வகுத்தால் பேருந்துக் கட்டணத்தை நெருங்கும் அல்லது கொஞ்சம் மேலே போகும். வாடகைக் கார்தான் மலிவு, மறுக்கவில்லை. கேப் டிரிபுலேஷன் வரை தார்ச்சாலைதான், சாதாரணச் சின்னக் காரே போதும். அதற்கு வடக்கே புளூம்ஃபீல்ட் பக்கம் போகும் பாதைக்குத்தான் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வேண்டும். ஆனால் கார் எடுத்தால் ஓட்டுகிறவர் அன்று முழுக்க சாலையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். வளைந்து வளைந்து போகும் சாலை, பாதி வழியில் செல்போன் சிக்னல் கிடையாது, திரும்பும்போது இருட்டு வேறு. பேருந்தில் இன்னொரு சிக்கல். நாற்பது பேருக்கு ஒரே கடிகாரம். அம்மா ஒரு பெஞ்சில் கால் நீட்டிப் பத்து நிமிடம் உட்கார நினைத்தாலும் முடியாது.

நேரக் கணக்கைப் பார்த்தால் மீதி தானாகப் புரியும். கெய்ர்ன்ஸிலிருந்து டெயின்ட்ரீ ஆற்றங்கரை வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கும் நிற்காமல் போனாலே ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே பாலம் கிடையாது. கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் ஒரு ஃபெர்ரிதான் வண்டிகளை அக்கரை சேர்க்கும். ஆற்றைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். விடுமுறைக் காலத்தில் வரிசையில் காத்திருப்பது அதைவிடப் பல மடங்கு. அக்கரையிலிருந்து கேப் டிரிபுலேஷன் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் எடுக்கும். ஆக, வண்டியில் உட்காரவே ஐந்தரை மணி நேரம் போய்விடுகிறது. ஜூலையில் மாலை ஆறுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடற்கரை கிழக்கே பார்த்திருக்க, மேற்கில் மலை எழுந்து நிற்பதால் வெயில் அதற்கு முன்பே மறைந்துவிடும். கையில் மிஞ்சுவது நாலு, நாலரை மணி நேரம்.

இந்தக் கணக்கைப் போடாமல், தனி வண்டிதானே என்று ஒன்பது இடங்களை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. போர்ட் டக்ளஸ், மோஸ்மன் பள்ளத்தாக்கு, முதலைப் படகு, மூன்று மரப்பாதை, இரண்டு கடற்கரை என்று பட்டியல் போகும். தனி வண்டிக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு, பட்டியலிலிருந்து இடங்களை அடிப்பதற்கான உரிமைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் டக்ளஸையும் மோஸ்மனையும் அடித்துவிடுங்கள். மோஸ்மனில் வண்டியைப் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும், அதற்கே தனியாக அரை நாள் வேண்டும். பெரியவர்களோடு இரண்டையும் ஒரே நாளில் செய்தால் மாலையில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் ரெக்ஸ் லுக்அவுட்டில் ஐந்து நிமிடம் மட்டும் இறங்கலாம், கடலும் மலையும் ஒட்டிக்கொண்டு போவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். ஒன்பதரைக்கு முன் ஃபெர்ரியைப் பிடிப்பதே அன்றைய முக்கிய வேலை. அதற்குப் பின்னால் போனால் கெய்ர்ன்ஸ் பேருந்துகள் எல்லாம் உங்களுக்கு முன்னால் நிற்கும்.

ஆற்றைத் தாண்டியதும் காட்டின் வாசனையே மாறும். மின்கம்பியை இனி எங்கும் பார்க்க மாட்டீர்கள். ஆற்றுக்கு வடக்கே குடியிருப்பவர்கள் சூரியத் தகட்டையும் ஜெனரேட்டரையும் வைத்தே காலம் தள்ளுகிறார்கள். மேடேறி இறங்கியதும் முதல் நிறுத்தமாக ஜிண்டல்பா மரப்பாதையை வையுங்கள். சுற்று ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, கழிப்பறை உண்டு, அப்பாவுக்கு இது முக்கியம். விசிறிப் பனை, மரத்தை நெரித்து வளரும் அத்தி, கண்டபடி முள் வைத்துத் தொங்கும் பிரம்புக்கொடி எல்லாம் இங்கேயே கிடைக்கும். நாம் நாற்காலி முடையும் அதே பிரம்பு இனம்தான். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த செல்லப்பெயருக்கு ‘கொஞ்சம் நில்லு’ என்று அர்த்தம். சட்டையில் மாட்டினால் பின்னால் நகர்ந்துதான் எடுக்க முடியும், முன்னால் இழுத்தால் துணி கிழியும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று வழிகாட்டி சொல்வது சும்மா இல்லை. ஓரங்களில் ஜிம்பி ஜிம்பி என்ற செடி வளரும். இதய வடிவ இலை, பார்க்க அப்பாவியாக இருக்கும். நம்மூர்ச் செந்தட்டி மாதிரி சுணை உள்ள செடிதான், ஆனால் செந்தட்டி பட்டால் அரைமணி அரிப்போடு போகும், இதன் கண்ணாடி மயிர்கள் தோலில் ஏறினால் வலி மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. மயிர் நீக்கும் வாக்ஸ் துண்டை ஒட்டி உரிப்பதுதான் இங்குள்ள வைத்தியம்.

கசோவரி என்ற பறவையைப் பார்த்தே தீருவோம் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஆள் உயரம், நீலக் கழுத்து, தலையில் கொண்டை மாதிரி ஒரு எலும்புக் கிரீடம், பறக்காது. காலின் உள்விரலில் குத்துவாள் போல ஒரு நகம். நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதன் தடயத்தைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல வழிகாட்டி காட்டுவார். சாலையோரத்தில் ஒரு முறம் அளவுக்குக் குவிந்திருக்கும் எச்சம், அதில் பாதிக்கு மேல் முழுசு முழுசாகக் கொட்டைகள். பெரிய பழங்களை அப்படியே விழுங்கி, வேறிடத்தில் போட்டுவிட்டுப் போவதால்தான் இந்தக் காட்டின் பல மரங்கள் பரவுகின்றன. மகளுக்கு அது அருவருப்பாக இருக்கும், அப்புறம் குச்சியை எடுத்துக் கிளற ஆரம்பிப்பாள். பறவையே எதிரில் வந்துவிட்டால் ஓடக் கூடாது. குழந்தையைப் பின்னால் நிறுத்தி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். தின்ன எதுவும் போடவே கூடாது.

இரண்டாவது நிறுத்தமாக மஜா மரப்பாதை. இங்கே மழைக்காடு அப்படியே அலையாத்திக் காட்டில் போய்க் கலக்கிறது. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் அந்த வேர்கள் பழக்கமானவைதான், அங்கே பார்த்த சுரபுன்னையின் சொந்தங்களே இங்கும் நிற்கின்றன. ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது, பெரும்பாலும் சமதளம், அம்மாவால் முடியும். பலகை ஈரமாக இருந்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அங்கே உணவகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலில் வந்து நிற்கும், மதியத்துக்கு மேல் சிலவற்றில் அடுப்பும் அணைந்துவிடும். தங்குமிடத்தில் சமையலறை இருந்தால் காலையிலேயே புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். கேப் டிரிபுலேஷனில் டுபுஜி என்னும் இடத்தில் மேசைகளும் கழிப்பறையும் உண்டு, அங்கே பிரித்து உட்காரலாம். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மகளுக்கு இனிப்பு ஆசை வந்தால் வழியில் பழத்தோட்டத்தோடு ஓர் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. தோட்டத்திலேயே விளைந்த பழங்களில் செய்வார்கள், சீத்தாப்பழத்தின் உறவான முள்சீத்தா கிடைத்தால் விடாதீர்கள்.

டுபுஜியிலிருந்து கொஞ்சம் நடந்தால் மையல் கடற்கரை. இங்கேதான் அவசரப்படாமல் இருங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அலை வற்றிய நேரமாக அமைந்தால் மணல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும், மிளகு அளவுகூட இருக்காது. ஒரு பொத்தலைச் சுற்றி ஆரம் ஆரமாக, யாரோ புள்ளி வைத்துவிட்டு இழை போட மறந்த கோலம் மாதிரி. கொண்டைக்கடலை அளவே உள்ள நண்டுகள் மணலைச் சலித்துத் தின்றுவிட்டு உருட்டிப் போட்டவை. குனிந்து அசையாமல் பார்த்தால் வெளியே வந்து வேலையைத் தொடரும். அடுத்த அலையேற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும். கடல் குளியலை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் இங்கே வாயடைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா அப்பாவுக்கு மரங்களைக் காட்டுங்கள். கடற்கரை விளிம்பில் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து, தடித்த பளபளப்பான இலையோடு நிற்பது புன்னை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் தலைவி சாய்ந்து நிற்கும் அதே புன்னைதான், வேறு இனம் இல்லை. பக்கத்திலேயே தாழையும் இருக்கும். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து புன்னைக்காயைப் பொறுக்கியவர் ஒருவர், இதில்தான் எங்கள் பாட்டி விளக்குக்கு எண்ணெய் ஆட்டினாள் என்று என்னிடம் சொன்னார். பொறுக்கியதை அங்கேயே போட்டுவிட வேண்டும், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

நேரம் மிஞ்சினால் மட்டும் குல்கி, அதாவது கேப் டிரிபுலேஷன் முனை. 1770 ஜூனில் இந்தப் பக்கம் வந்த கேப்டன் குக், கப்பல் பவளப்பாறையில் மோதியதால் ‘துன்ப முனை’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். குல்கி என்பது மண்ணின் மக்களான குக்கு யலாஞ்சிகளின் பெயர். 2021-இல் இந்தத் தேசியப் பூங்காவின் உரிமை கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டி கிடைத்தால் யோசிக்காமல் அவரையே பிடியுங்கள். நான் சொல்லும் செடிக்கதை எல்லாம் அவர்கள் சொல்வதற்கு முன்னால் பள்ளிப்பாடம்தான்.

முதலையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஆற்றில் ஒரு மணி நேரப் படகுச் சவாரிகள் உண்டு. ஜூலை அதற்கு நல்ல மாதம். தண்ணீர் குளிர்வதால் வெயில் காயச் சேற்றுக்கரையில் ஏறிக் கிடக்கும். ஆற்றில் நீர் வற்றியிருக்கும் நேரம் காலையா பிற்பகலா என்று அலை அட்டவணையைக் கேட்டு, அதற்கேற்ப ஃபெர்ரிக்கு முன்போ பின்போ வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்திலேயே வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: சொன்ன விலைக்குள் ஃபெர்ரி, படகு, மதிய உணவு எவையெல்லாம் அடங்கும்? பூங்காவுக்குள் வணிகமாக ஆட்களை அழைத்துப் போக அனுமதி உள்ளதா? குயின்ஸ்லாந்தில் அது கட்டாயம். வண்டியின் படி எவ்வளவு உயரம்? உயரமான ஜீப் வகை வண்டியில் ஏறி இறங்குவதே அம்மாவின் முழங்காலுக்குப் பெரிய வேலை. ஒருமுறை இதைக் கேட்காமல் விட்டு, ஒரு பாட்டியை நாள் முழுக்கக் காலிப் பால் பெட்டியைப் போட்டு ஏற்றி இறக்கினோம். தாழ்ந்த வேன் இருந்தால் அதையே கேளுங்கள். ஏழு வயதுக்குக் கீழ் என்பதால் மகளுக்கு பூஸ்டர் இருக்கையும் சொல்லி வையுங்கள். மலை வளைவில் குமட்டல் வரும் பழக்கம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை.

சாலை மூடினால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஜூலை வறண்ட பருவம்தான், ஆனால் 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் மழை ஃபெர்ரிக்கு வடக்கே மலைச்சாலையைச் சரித்துப் போட்டதிலிருந்து அவ்வப்போது பழுதுபார்ப்பு வேலை நடக்கும். முந்தின நாள் மாலை சாலை நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும் ஃபெர்ரிக்கு நாலு மணிக்குள் வந்து சேர்ந்தால் ஏழு மணிக்குள் அறைக்குப் போய்விடலாம். மறுநாள் காலைக்குப் பவளப்பாறைப் படகு எதையும் பதிவு செய்யாதீர்கள். அன்று லகூன் போதும்.