டைசனின் முன்னங்கால்

அன்புள்ள அக்கா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் வீட்டு நாய் டைசன், ராஜபாளையமும் நாட்டு நாயும் கலந்தவன். வயது எட்டு, எடை 30 கிலோ. அப்பா கொண்டுவந்து வளர்த்தது. அவர் தறியில் உட்கார்ந்தால் இவன் தறிக்குழி ஓரமாகப் படுத்துக்கொள்வான். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. தறியையும் விற்றாகிவிட்டது. இவன் மட்டும் இன்னும் அதே இடத்தில்தான் படுக்கிறான்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடினான். அப்புறம் இடது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தான். சுளுக்கு என்றிருந்தோம். மணிக்கட்டுக்கு மேலே வீக்கம் வந்தது. எக்ஸ்ரே எடுத்து, ஊசியால் உறிஞ்சி சோதித்துவிட்டு எலும்புக் கேன்சர் என்கிறார்கள். காலை எடுக்க வேண்டுமாம், பிறகு கீமோவாம். தனியார் கிளினிக்கில் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். என் சம்பளம் 22,000. அம்மா தன் செயினை அடகு வைக்கச் சொல்கிறார். மாமனார் வீட்டிலோ, "வேலூர்ல மனுஷனே வைத்தியத்துக்குப் பணமில்லாம அல்லாடறான், நாய்க்குக் கீமோவா?" என்று கேட்கிறார்கள். மூன்று காலோடு ஒரு ஜீவனை வைத்திருப்பது பாவம் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

ச., குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

மற்றதெல்லாம் பிறகு. டைசனுக்கு இப்போது வலி மாத்திரை போய்க்கொண்டிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லையென்றால் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மெலாக்சிகாம், காபாபென்டின் என்று நாய்க்குக் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன. வீட்டு டப்பாவில் கிடக்கும் புரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். எங்கள் நாய் மணிக்கு மறுநாளே மலம் கறுப்பாகப் போனது, வயிற்றுக்குள் ரத்தம். அதற்கு முன்னால் இரண்டு மாதம் அவள் வீக்கத்துக்குச் சுளுக்கென்று கட்டுப் போட்டார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசல் படியிலிருந்து குதித்தாள், எலும்பு முறிந்தது. கேன்சர் அரித்துவிட்ட எலும்பு அப்படித்தான் முறியும். அவள் போட்ட சத்தம் காட்பாடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அவசரப்படுத்துகிறேன் என்றால் அதனால்தான்.

காலை எடுப்பதையும் கீமோவையும் ஒரே பில்லாக உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள். இந்தக் கேன்சரில் காலை எடுப்பது வலிக்கான வைத்தியம். நோய் அதனால் தீர்வதில்லை. பத்தில் ஒன்பது நாய்களுக்கு, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும், கண்டுபிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நாலைந்து மாதம் தாண்டுகின்றன. கூடவே கீமோவும் கொடுத்தால் அது பத்துப் பன்னிரண்டு மாதமாகிறது. இரண்டு வருடம் இருப்பவை ஐந்தில் ஒன்று.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அதுவரை நம்பினார்கள். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் அந்த விரல்கள் போகின்றன என்று காட்டியவர் அவர். வலி ஒரு காவல்காரன் என்பது நம்ம ஊரிலேயே நிரூபித்த விஷயம். டைசனின் காலிலும் அந்தக் காவல்காரன் இரவும் பகலும் கத்திக்கொண்டிருக்கிறான், ஆனால் காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை. நாய் இதை வாய்விட்டுச் சொல்லாது. சாப்பிடும், வாலை ஆட்டும். நாமும் பரவாயில்லை என்று இருந்துவிடுவோம்.

மூன்று கால் பாவம் என்பது மனிதக் கணக்கு. உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, அதனால் பின்னங்கால் போவதைவிட இது கொஞ்சம் சிரமம். ஆனாலும் பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கும். தையல் பிரிக்கப் பத்துப் பதினாலு நாள். தோள்பட்டை எலும்போடு முழுக்காலையும் எடுப்பார்கள், பாதியில் விட்டால் அந்த மொட்டை தரையில் இடித்துப் புண்ணாகும். முதல் வாரம் பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவனுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

ஆனால் கத்தி வைக்கும் முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுத்தார்களா? மற்ற மூன்று காலும் இடுப்பும் திடமா? நுரையீரலில் ஏற்கெனவே புள்ளிகள் தெரிந்தால் நான் காலை எடுக்கச் சொல்ல மாட்டேன். வலி மாத்திரையும், நாள் வந்ததும் ஒரு ஊசியும் போதும். அப்படி முடிப்பதில் துரோகம் ஒன்றும் இல்லை. மணிக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம், இரண்டு மாதம் தாமதமாக.

சரி, பணம். கிளினிக் கேட்கிற தொகையோடு முடிவெடுக்காதீர்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அரசு நிறுவனம். எலும்பு அறுவையும் கேன்சர் வைத்தியமும் அங்கே நடக்கின்றன, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. எக்ஸ்ரே, சோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். அங்கே வெளிநோயாளிக் கூட்டம் பெரியது, நாய் பூனையோடு ஆடு மாடும் நிற்கும்.

கீமோவுக்குப் பொதுவாகக் கொடுப்பது கார்போபிளாட்டின், மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்து. 30 கிலோ நாய்க்கு ஒரு தடவைக்குச் சுமார் 300 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாலிலிருந்து ஆறு முறை. நடுநடுவே ரத்தப் பரிசோதனை. மனிதர்கள் படுகிற பாடு நாய்க்கு இருக்காது, அவ்வளவு கடுமையான அளவில் கொடுப்பதில்லை. பலவற்றுக்கு முடிகூடக் கொட்டாது. மருந்தைவிட அலைச்சல்தான் பெரிய செலவு. வண்டி வாடகை, கம்பெனி லீவு, சம்பளப் பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். கிடைக்கப்போவது சராசரியாக ஆறு மாதம் கூடுதல்.

என் கருத்தைக் கேட்டால், காலுக்குக் கடன் வாங்கலாம், கீமோவுக்கு வாங்காதீர்கள். கையில் மிஞ்சினால் செய்யுங்கள், இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விடுங்கள். செயினை வைத்தே ஆக வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் போடுங்கள், அடகுக் கடை வட்டி வேண்டாம்.

உங்கள் மாமனார் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் காந்தி ரோடு லாட்ஜ்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நிலத்தை விற்றுவிட்டு வருவார்கள், வாடகை அடுப்பில் சமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பார்கள். டைசனுக்குச் செலவழிக்காத பணத்தை உங்கள் மாமனார் அந்த லாட்ஜ் வராந்தாவில் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதில்லை, அதனால் அந்தக் கேள்வியை அவரிடமே விட்டுவிடுங்கள். அந்த வராந்தாவில் நான் பார்த்தது வேறு. எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கேட்டார்கள், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர் குறைவு. கேட்கத் தயங்கியே கடைசி ஏக்கரையும் விற்றவர்கள் உண்டு. நீங்கள் வேப்பேரியில் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அம்மாவிடமும் பேச வேண்டும். அந்தச் செயினை அவர் டைசனுக்காக மட்டும் கழற்ற நினைக்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும். தறிக்குழி ஓரத்தில் படுக்கிறவன் போய்விட்டால் அந்த இடம் முழுசாகக் காலியாகிவிடும். அதனால் எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஏறத்தாழ ஒரு வருடம்தான் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிழைத்துக்கொள்வான் என்று நம்பிச் செயினைக் கொடுக்க விடாதீர்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. தறி இருந்த இடத்தை மூடி டைல்ஸ் போட்டிருந்தீர்களானால், அவன் திரும்பி வருவதற்குள் கோணிச் சாக்கை விரித்து ஓரத்தை ஒட்டிவிடுங்கள். மூன்று கால் டைல்ஸில் வழுக்கும். அவன் நேராக அங்கேதான் போவான்.

அன்புடன்,
அக்கா