எதிராளியின் அன்றைய விலை

அன்புள்ள ஐயா,

நானும் என் அறைத்தோழனும் மூன்று வாரமாக ஒரே வாக்குவாதம். எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புச் சண்டையில், ஹெவிவெயிட்டில் எல்லாக் காலத்துக்குமான முதலிடம் யாருக்கு? நான் ஃபெடோர் எமெலியானென்கோ என்கிறேன். அவன் ஸ்டீபே மியோசிச் என்கிறான். ஃபெடோர் ஜெயித்த டிம் சில்வியா ஒன்பதே நொடியில் விழுந்தவர், ஆண்ட்ரே அர்லோவ்ஸ்கி இருபத்திரண்டு நொடியில் விழுந்தவர், இவர்களை ஜெயித்தது ஒரு பெருமையா என்று கேட்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. அதனால் எக்செல்லில் ஒரு கணக்கு போட்டேன். நடுவர் தீர்ப்பில் வென்றால் 3 புள்ளி, நாக்அவுட் அல்லது சப்மிஷன் (பூட்டுப் போட்டுச் சரணடைய வைப்பது) என்றால் 5, முதல் ரவுண்டிலேயே முடித்தால் 6, தோல்விக்கு மைனஸ் 4. ஃபெடோர்தான் முதலில் வருகிறார். இந்த முறை சரியா? சதுரங்கத்தில் இருக்கும் எலோ முறையைப் போட்டுப் பார்க்கலாமா? ஹெவிவெயிட்டில் இரண்டே சண்டை போட்ட ஜான் ஜோன்ஸை எங்கே வைப்பது? ஃபெடோரும் ஸ்டீபேயும் நல்ல வயதில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?

க. மு., ஓசூர்

*

அன்புள்ள க. மு.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். நடக்காத சண்டைக்கு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. மற்றதைப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு பிழை கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருப்பது. அது உங்கள் பிழை மட்டும் இல்லை, உங்கள் நண்பருடையதும்தான்.

முதலில் உங்கள் புள்ளிக் கணக்கு. உட்கார்ந்து ஒவ்வொரு சண்டையாகத் தேடி நிரப்பியிருக்கிறீர்கள், அந்த உழைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்கு அடியோடு தப்பு. 2005 டிசம்பர் 31 அன்று ஃபெடோர் சூலுசின்யோ என்ற பெருத்த உடம்புக்காரரை 26 நொடியில் முடித்தார். உங்கள் பட்டியலில் அதற்கு 6 புள்ளி. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று மிர்கோ க்ரோ காப்புடன் 20 நிமிடம் மோதி நடுவர் தீர்ப்பில் ஜெயித்தார். அதற்கு 3. ஃபெடோரின் வாழ்நாளில் ஆகப் பெரிய வெற்றி எது என்று பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேராவது க்ரோ காப் சண்டையைத்தான் சொல்வார்கள். உங்கள் எக்செல்லில் அதற்கு ஒரு வேடிக்கைச் சண்டையின் பாதி மதிப்புதான். ஸ்டீபேக்கும் இதே அநியாயம். 2018 ஜனவரி 20 அன்று ஃபிரான்சிஸ் இங்கானுவை ஐந்து ரவுண்டும் வைத்து வென்றார், மூன்று நடுவர்களும் 50-44 என்றார்கள். அதற்கும் 3தான். இரண்டு பேருடைய உச்சமான வெற்றியும் தீர்ப்பில் வந்தவை என்பதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கணக்கை அப்போதே அழித்திருப்பீர்கள்.

ஹெவிவெயிட்டில் நாக்அவுட் என்பது தரத்துக்கு அத்தாட்சி இல்லை. எடை வரம்பைப் பாருங்கள். அடுத்த கீழ் வகுப்பான லைட் ஹெவிவெயிட்டுக்கு மேல் எல்லை 93 கிலோ, ஹெவிவெயிட்டுக்கு 120.2 கிலோ. ஒரே வகுப்புக்குள் 27 கிலோ இடைவெளி. பிரைட் என்ற ஜப்பானியப் போட்டி நிறுவனத்தின் காலத்தில் அங்கே மேல் எல்லையே கிடையாது. இத்தனை கனமும் நான்கு அவுன்ஸ் கையுறையும் சேர்ந்தால் சுமாரானவரும் யாரையும் ஒரு அடியில் படுக்க வைத்துவிடலாம். எதிராளி நல்லவராக இருக்க இருக்கச் சண்டை நீளும். 20 நிமிடம் போனது என்றால் எதிரே நின்றவர் எளிதில் விழாதவர் என்று அர்த்தம். க்ரோ காப் சண்டையின் முதல் நிமிடங்களை மறுபடி பாருங்கள். மூக்கு உடைந்து ரத்தம் வடிய ஃபெடோர் முன்னால் நடந்துகொண்டே இருக்கிறார். க்ரோ காப்பின் இடது கால் உதை தலைக்கு ஏற ஓரளவு தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைக் கொடுக்கவே கூடாது என்பதுதான் திட்டம். பின்வாங்கிக்கொண்டே உதைக்க முடியாமல் க்ரோ காப் மூச்சு வாங்குகிறார். பிறகு கீழே தள்ளி விலாவில் குத்து. இதற்கு மூன்று புள்ளி போட எப்படி மனசு வந்தது?

எலோ பற்றி, அதாவது ஒவ்வொரு ஆட்ட முடிவுக்கும் ஏறி இறங்கும் அந்தத் தர எண் பற்றி. சென்னையில் சதுரங்கம் ஆடும் பிள்ளை உள்ள வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான் இது. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் எடுக்கும் என்று எதிர்பார்க்கும் பங்கு நூற்றுக்கு 76. ஆட்டங்கள் குவியக் குவிய எண் உண்மையை நெருங்கும். குவியவேண்டும், அதுதான் நிபந்தனை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு புதிதாகப் பட்டியலுக்கு வருகிறவருக்கு 30 ஆட்டம் முடியும்வரை 40 என்ற பெரிய பெருக்கெண் வைக்கிறது. இவரை இன்னும் நமக்குத் தெரியாது, எண் வேகமாக ஏறி இறங்கட்டும் என்பதற்காக. ஸ்டீபே தன் வாழ்நாள் முழுக்கப் போட்டது 25 சண்டை, 20 வெற்றி, 5 தோல்வி. சதுரங்கக் கணக்குப்படி அவர் ஓய்வு பெறும்போதும் புதுமுகம்! போதாததற்கு, 2007இல் யு.எஃப்.சி. என்ற அமெரிக்கப் போட்டி நிறுவனம் பிரைடை வாங்கும்வரை ஜப்பானில் ஆடியவர்களும் அமெரிக்காவில் ஆடியவர்களும் அரிதாகவே கலந்தார்கள். இரண்டு தனித் தீவுகளில் ஏறிய எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட எலோவால் முடியாது. அதை மறந்துவிடுங்கள்.

யு.எஃப்.சி.யின் சொந்தத் தரவரிசையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதையும் நம்பவேண்டாம். 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பத்திரிகையாளர் குழு வாக்களித்து ஒரு வகுப்புக்கு 15 பேரை அடுக்குகிறது. அந்த நிறுவனத்தில் ஒப்பந்தம் உள்ளவருக்கு மட்டுமே இடம். 2023 ஜனவரியில் இங்கானு சாம்பியன் பெல்ட்டைத் தோற்காமலே வெளியேறினார், அன்றோடு பட்டியலிலிருந்து மறைந்தார். அவர் பலம் ஒரே நாளில் மறைந்துவிட்டதா என்ன?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்ன ஒன்பது நொடி, இருபத்திரண்டு நொடி.

இரண்டும் உண்மையாக நடந்தவை. எப்போது நடந்தவை என்று இருவரில் ஒருவராவது பார்த்தீர்களா? அர்லோவ்ஸ்கி பிரெட் ராஜர்ஸிடம் 22 நொடியில் விழுந்தது 2009 ஜூன் 6. சில்வியா 48 வயதுக் குத்துச்சண்டை வீரர் ரே மெர்சரிடம் 9 நொடியில் விழுந்தது 2009 ஜூன் 13. ஃபெடோர் சில்வியாவை வென்றது 2008 ஜூலை 19. அர்லோவ்ஸ்கியை வென்றது 2009 ஜனவரி 24. பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். தேதி பார்க்காமல் மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறீர்கள் இரண்டு பேரும்!

2008 ஜூலையில் சில்வியா யார்? யு.எஃப்.சி. பெல்ட்டை இரண்டு முறை கட்டியவர். ஐந்தரை மாதம் முன்புதான் இடைக்காலப் பட்டத்துக்காக முன்னாள் பிரைட் சாம்பியன் நொகெய்ராவுடன் மோதினார். மூன்றாவது ரவுண்டில் கழுத்துப் பூட்டில் சிக்கும்வரை கை ஓங்கியிருந்தது அவருக்குத்தான். 203 சென்டிமீட்டர் உயரம். அவரை ஃபெடோர் 36 நொடியில் குத்தி விழவைத்து, பின்னாலிருந்து கழுத்தை இறுக்கி முடித்தார். 2009 ஜனவரியில் அர்லோவ்ஸ்கி யார்? தொடர்ந்து ஐந்து வெற்றி. அந்த ஐந்தில் வெர்டும், ராத்வெல், ராய் நெல்சன் மூவரும் உண்டு. அன்றும் முதல் மூன்று நிமிடம் கைவரிசை அர்லோவ்ஸ்கியுடையதுதான். ஃபெடோரைக் கயிற்றோரம் வரை தள்ளிக்கொண்டு போனார். முடித்துவிடலாம் என்று முழங்காலை உயர்த்தித் தாவினார். இரண்டு காலும் தரையில் இல்லாத அந்த நொடியில் ஃபெடோரின் வலது கை தாடையில் விழுந்தது. முகம் குப்புற விழுந்தார். மணி 3 நிமிடம் 14 நொடி.

பின்னால் வரும் தோல்வி எதையுமே காட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். சில சமயம் காட்டும். ஒருவர் பெயருக்குப் பெரியவராக இருந்து உள்ளே தேய்ந்திருக்கலாம், அடுத்த சண்டையில் அது வெளியே வரும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வீரர் அவரை நாக்அவுட் செய்திருக்கிறார். பிடரி அதிர விழுந்தவரைச் சுமார் இரண்டு மாதம் சண்டைக்கு விடாமல் நிறுத்தி வைப்பதே அமெரிக்கக் கமிஷன்களின் வழக்கம். ஏன்? அதே ஆள் திரும்பி வருகிறாரா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஜூன் மாதம் ராஜர்ஸ் எதிரே நின்றது ஜனவரியில் ஃபெடோர் உடைத்துப்போட்ட அர்லோவ்ஸ்கி. ஒருவரை உடைத்ததற்காக உடைத்தவரின் மதிப்பைக் குறைப்பது என்ன நியாயம்?

ஆகவே எதிராளியை அன்றைய விலைக்குத்தான் போடவேண்டும். எக்செல்லை அழித்துவிட்டு ஒரு நோட்டு எடுங்கள். ஒரு சண்டைக்கு ஒரு வரி. தேதி, இடம், எதிராளி. அவருடைய அதற்கு முந்தைய மூன்று சண்டைகள், யாருடன், என்ன முடிவு. கடைசியாகச் சண்டைக் கூண்டேறி எத்தனை நாள் ஆயிற்று. எத்தனை நாள் முன்னறிவிப்பில் வந்தார். எப்படி, எத்தனையாவது நிமிடத்தில் முடிந்தது. இதற்குப் பிறகு தரம். முந்தைய பதினெட்டு மாதத்துக்குள் முதல் பத்தில் இருந்த ஒருவரை வென்றவரோ, பட்டத்துக்காக மோதியவரோ என்றால் அ. நல்ல பெயர், கலவையான முடிவுகள் என்றால் ஆ. தேய்ந்தவர் இ. இரண்டு ஆண்டுக்கு மேல் சண்டை போடாதவரும் காட்சிக்கு நிறுத்தப்பட்டவரும் ஈ. நாக்அவுட்டுக்கு எந்தக் கொசுறும் இல்லை.

இதில் அதிகம் தவறுவது விபத்துத் தோல்விகளில். 2000 டிசம்பர் 22 அன்று ஃபெடோர் ட்சுயோஷி கோசாகாவிடம் 17 நொடியில் தோற்றதாகப் பதிவு. முகம் கிழிந்து மருத்துவர் நிறுத்தினார். போட்டித்தொடர் என்பதால் யாராவது அடுத்த சுற்றுக்குப் போயாகவேண்டும், அதனால் வெற்றி எழுதப்பட்டது. 2022 ஜூலை 23 அன்று லண்டனில் டாம் ஆஸ்பினால் 15ஆவது நொடியில் முழங்கால் பிசகிப் படுத்தார், எதிராளி பிளேட்ஸுக்கு வெற்றி. இந்த இரண்டிலும் தோற்றவருக்குக் கழிக்கக் கூடாது, வென்றவருக்குக் கூட்டவும் கூடாது. இரண்டு பேருமே பிறகு அதே எதிராளியை வென்றுவிட்டார்கள், ஆஸ்பினால் சரியாக 60 நொடியில். ஆனால் மெக்சிகோ சிட்டியை விபத்து என்று எழுதாதீர்கள். 2015 ஜூன் 13, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கெய்ன் வெலாஸ்கெஸ் இருபது மாதம் கழித்து வந்து மூச்சுத் திணறி வெர்டுமிடம் தோற்றார். வெர்டும் வாரக்கணக்கில் முன்னதாகவே உயரத்துக்குப் போய் உடம்பைப் பழக்கியவர். அந்த வெற்றி முழுக்க அவர் சம்பாதித்தது.

ஜோன்ஸ் கேள்வி இந்த நோட்டில் தானாகத் தீர்ந்துவிடும். 2023 மார்ச் 4 அன்று சிரில் கானை 2 நிமிடம் 4 நொடியில் கழுத்துப் பூட்டில் முடித்தார். கான் அன்று அ. அடுத்தது 2024 நவம்பர் 16 அன்று ஸ்டீபே. 42 வயது, கடைசியாகக் கூண்டேறியது 2021 மார்ச் 27. இடையில் 1,330 நாள். உலகம் கண்ட பெரிய வீரர்களில் ஒருவரான ஸ்டீபே அன்று ஈ. ஒரே ஒரு அ வைத்திருப்பவரை ஹெவிவெயிட்டின் முதல் பத்தில் வைக்க மாட்டேன். அதற்குக் கீழ் எடையில் அவர் செய்தது பெரிது, அது வேறு நோட்டு.

இனி உங்கள் முதல் கேள்வி. ஃபெடோரின் அ வெற்றிகளில் பெரியவை: நொகெய்ரா இரண்டு முறை, க்ரோ காப், சில்வியா, அர்லோவ்ஸ்கி. ஐந்து. ஸ்டீபேயின் அ வெற்றிகளில் பெரியவை: வெர்டும், ஓவரீம், இங்கானு, கார்மியர் இரண்டு முறை. அதுவும் ஐந்து! ஸ்டீபே இதை 2016 மே முதல் 2020 ஆகஸ்ட் வரை நாலேகால் ஆண்டில் செய்தார். ஃபெடோருக்கு ஆறு ஆண்டு ஆயிற்று, நடுவில் நகாட்டா, சூலுசின்யோ, 218 சென்டிமீட்டர் ஹாங் மான் சோய் என்று புத்தாண்டுக்கு முந்தின இரவின் ஈ வரிகள். அந்த விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டீபே நடுவில் கார்மியரிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். ஃபெடோர், அந்த 17 நொடியை விட்டால், 2010 ஜூன் 26 அன்று வெர்டுமிடம் 69 நொடியில் சிக்கும்வரை யாரிடமும் தோற்கவில்லை. அதனால் மயிரிழையில் ஃபெடோர். நீங்கள் எழுதிய விடை சரி, போட்ட வழி தப்பு.

நோட்டின் முதல் வரியை 2003 மார்ச் 16 என்று தொடங்குங்கள். எதிராளி நொகெய்ரா, பிரைட் சாம்பியன், மூன்று மாதம் முன்பு டான் ஹெண்டர்சனைக் கைப்பூட்டில் வென்றவர். தரம் அ. ஸ்டீபேயின் வரிகளை உங்கள் நண்பரே தன் கையால் நிரப்பட்டும்.