கேமரா கேள்வி – பதில்: வெள்ளைக் கொக்கும் கறுத்த நீரும்

வேடந்தாங்கலில் காலை எட்டு மணி வெயிலில் எடுத்த கொக்குப் படங்கள் எல்லாமே வெளிறிப்போய்விட்டன. இறகின் வரிகள் எதுவும் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. 70-300 லென்ஸ், கேமரா 'ஏ' மோடில் (லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்துகொள்வது) இருந்தது. எங்கே தவறினேன்?
– வாசகி, மதுராந்தகம்

கேமராவின் ஒளிமானிக்குக் கொக்கும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. எதிரே உள்ள காட்சி மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. உங்கள் படத்தில் கொக்கு பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. மீதியெல்லாம் மர நிழல் விழுந்த கறுத்த நீர். அதைச் சாம்பலாக்க கேமரா ஒளியைக் கூட்டியது. ஏற்கெனவே வெயிலில் பளிச்சென்று நின்ற கொக்கு வெந்துபோனது. சென்சார் நிரம்பி வழிந்துவிட்டால் அந்த இடத்தில் விவரமே பதிவாகாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருட்டாக விழுந்த பகுதியையாவது, கொஞ்சம் புள்ளி தட்டினாலும், பிறகு வெளிச்சமாக்கிவிடலாம்.

'ஏ' மோடிலேயே இருக்க விரும்பினால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணக்கிட்ட ஒளியளவை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) -1க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் சக்கரத்தை மூன்று 'கிளிக்' திருப்பினால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும். ஒரு படம் எடுத்து, வெளுத்த இடங்கள் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைப் பாருங்கள். அலகிலோ முதுகிலோ இரண்டொரு புள்ளி மினுக்கினால் பரவாயில்லை, அதுவும் 'ரா'வில் (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) எடுத்தால். உடல் முழுக்க மினுக்கினால் இன்னும் இரண்டு கிளிக் குறையுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் கோடு சுவரில் முட்டி நிற்கக் கூடாது. கொக்கு சிறிதாக இருக்கும்போது அந்த முட்டல் மெல்லிய கோடாகத்தான் தெரியும், ஆகவே உற்றுப் பாருங்கள்.

ஆனால் பறக்கும் கொக்குக்கு இந்த வழி கைகொடுக்காது. மரத்தின் முன்னால் பறக்கும்போது -1 சரி. அதே கொக்கு அடுத்த நொடி வானத்துக்கு வந்தால் படம் இருண்டுவிடும். மாறியது பின்னணிதான், கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லை. எனவே எல்லா அளவையும் நாமே வைக்கும் 'எம்' மோடுக்குப் போங்கள், ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்வதை) அணைத்துவிடுங்கள். காலை எட்டு மணி வெயிலில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், ஐ.எஸ்.ஓ. 400, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஷட்டர் 1/2500 நொடி என்று தொடங்குங்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு கொக்கைப் படமெடுத்துப் பார்த்து, மினுக்கல் மறையும்வரை திருத்திக்கொள்ளுங்கள். மேகம் மறைக்காதவரை அதே அளவு பின்னணி எதுவானாலும் பொருந்தும். வெயில் ஏற ஏற, அரை மணிக்கொருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மொட்டைக் கிளையில் உட்கார்ந்த நீர்க்காகத்தை எடுத்தால் வெறும் நிழலுருவமாக வருகிறது. ஒளியளவைக் கூட்டினால் வானம் வெளுக்கிறது. இரண்டும் சரியாக வர வழி உண்டா?
– வாசகர், செங்கல்பட்டு

வெள்ளை வானத்தின் முன்னால் கறுப்புப் பறவை என்றால் இரண்டும் சேர்ந்து வராது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பறவை வேண்டுமென்றால் +1.3 முதல் +2 வரை கூட்டி, வானம் வெளுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். சுத்தமான வெள்ளைப் பின்னணி அழகாகவே இருக்கும். மேகமூட்டமான நாளில் வானத்தைத் தவிர்த்து, பின்னால் இலைப்பச்சை வரும் கிளையைத் தேடுவதுதான் நல்லது. நான்கடி தள்ளி நின்றாலே பின்னணி மாறிவிடுவது உண்டு.

என்னிடம் கைபேசி மட்டும்தான். பயனுண்டா?
– மாணவி, விழுப்புரம்

உண்டு. தூரத்துப் பறவையை விட்டுவிட்டு ஏரி, மரம், பூ, வண்ணத்துப்பூச்சி என்று எடுங்கள். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஒளியளவு பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் படம் குழைந்துபோகும்.

மூன்றில் ஒரு பங்கு விதியை (படத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளின் மேல் முக்கியப் பொருளை வைப்பது) பார்த்துப் பார்த்துத்தான் படச்சட்டம் அமைக்கிறேன். ஆனாலும் என் படங்கள் வெறும் ஆவணத்துக்கு எடுத்தவை மாதிரி தட்டையாகவே இருக்கின்றன.
– வாசகர், திண்டிவனம்

பறவையைச் சட்டத்தில் எங்கே வைப்பது என்பதைவிட, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது முக்கியம். ஏரிக்கரை மேல் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் உள்ள பறவையை ஏறத்தாழ 22 டிகிரி சரிவில் பார்க்கிறீர்கள். அதன் பின்னால் வருவது பக்கத்துத் தண்ணீரும் பாசியும்தான். அதனால் பறவை பின்னணியோடு ஒட்டிக்கொள்கிறது. 40 மீட்டரில் உள்ளதை 6 டிகிரியில்தான் பார்க்கிறீர்கள். பின்னணி எங்கோ தூரத்து எதிர்க்கரை, அது கரைந்து மென்மையாகிவிடும். ஆகவே எல்லாவற்றிலும் கிட்டத்தில் உள்ளதைத் தேடாமல் சற்றுத் தள்ளியதை எடுங்கள். உட்கார்ந்தோ படுத்தோ எடுத்தால் இன்னும் நல்லது. பறவையின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வரும்போது பார்ப்பவருக்கு நெருக்கம் கிடைக்கிறது.

நெருக்கம் வேண்டும் என்று கூட்டை நோக்கிப் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் காயும், காக்கை கொத்திப்போகும். அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

பிறகு ஓரங்கள். ஷட்டரை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: பாதியாக வெட்டுப்பட்ட கிளை, தலைக்குப் பின்னால் முளைத்தது போல நிற்கும் குச்சி, நீரில் பாதியில் அறுந்த பிரதிபலிப்பு. பறவை பார்க்கும் பக்கத்தில், முதுகுப் பக்கத்தைவிட இரண்டு மடங்கு இடம் விடுங்கள். பறக்கும் பறவைக்கு இன்னும் தாராளமாக விடுங்கள். சிறகை விரிக்கும்போது நுனி வெட்டுப்படுவது அப்போதுதான் தவிரும். வெட்டிக்கொள்வது வீட்டில் முடியும். விட்டுப்போன சிறகு நுனியை ஒட்ட முடியாது.