பையனுக்கு காய்னு பேர் வைக்கலாமா?

எல்லா மொழியிலயும் காய்னா கடல்னு ஒரு பேர் லிஸ்ட்ல பாத்தேன், நம்பி வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எல்லா மொழியிலயும் இல்லங்க. ஹவாய் மொழியில கடல், அது கரெக்ட். ஆனா அதுக்கு உறவு மொழியான, நியூசிலாந்து பூர்வகுடிங்க பேசுற மாவோரியில காய்னா சாப்பாடு, கடலுக்கு அங்க தாய்னு சொல்லுவாங்க, ஏன்னா பழைய த சத்தம் ஹவாய்ல க ஆயிடுச்சு, பழைய க தொண்டையில சின்னதா ஒரு தடையா மாறிடுச்சு, அதனால மாவோரி காய் ஹவாய்ல வெறும் ஆய்! (சாப்பிடுறதுன்னு அர்த்தம், தப்பா நினைக்காதீங்க)

ஜப்பான்ல நிஹோன்காய்னா ஜப்பான் கடல், அந்த காயும் கடல்தான், ஆனா அது சீனத்துல இருந்து வந்த உச்சரிப்பு, ஹவாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, சும்மா ஒத்துப்போச்சு. அங்கயே அதே காய் சத்தத்த வேற எழுத்துல எழுதினா சிப்பி, கூட்டம்னு வேற வேற அர்த்தம். பழைய கிரேக்கத்துல 'மற்றும்', ஃபின்னிஷ்ல 'அநேகமா'.

எதுவும் கெட்ட அர்த்தம் இல்ல, தாராளமா வைங்க. தமிழ்க்காரங்க மட்டும் எப்போ பழுக்கும்னு கேட்டு உயிர வாங்குவாங்க, அதுக்கு ரெடியா இருங்க.