வாளேந்திய பெண்ணும் ஞானஸ்நானமும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

வைக்கிங் காலத்தில் நடக்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன். நாயகி வாளேந்திய பெண். அயர்லாந்தில் ஒரு மடத்தைக் கொள்ளையடிக்கப் போன இடத்தில், அவள் வெட்டிய துறவி உயிர் பிரியும் நேரத்தில் அவளை மன்னிக்கிறார். அவள் வாளை வீசிவிட்டுக் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறாள். படித்த நண்பர்கள், ‘எழுப்புதல் கூட்டத்தில் சொல்லும் சாட்சி மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். நான் விசுவாசி. அந்தக் காட்சியை உணர்ந்துதான் எழுதினேன். எங்கே தவறுகிறது? அப்புறம், வைக்கிங்குகளில் போர்ப்பெண்கள் உண்மையிலேயே இருந்தார்களா?

ஆர்.,
நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்வீடனின் மேலாரன் ஏரியில் ஒரு தீவு. அங்கிருந்த பிர்கா என்ற வணிக நகரின் இடுகாட்டில் 1878ல் யால்மர் ஸ்டோல்பே ஒரு கல்லறையைத் தோண்டினார். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள், பலகை ஆட்டக் காய்கள் எல்லாம் கிடைத்தன. இவ்வளவு ஆயுதம் இருந்தால் ஆணாகத்தான் இருக்கும் என்று நூறாண்டுக்கு மேல் நினைத்திருந்தார்கள். 2017ல் வெளியான மரபணு ஆய்வு அது பெண் என்றது. அவள் போரிட்டாளா, அல்லது ஆயுதங்கள் வெறும் அந்தஸ்துக்காகப் புதைக்கப்பட்டவையா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நாவலாசிரியருக்கு அந்தச் சண்டையே போதும், தாராளமாக எழுதுங்கள். பழங்கதைகளில் வரும் லாகெர்தா என்ற போர்ப்பெண்ணை மட்டும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். அவளைப் பற்றி எழுதிய சாக்ஸோ, 1200ஐ ஒட்டி வாழ்ந்த டென்மார்க் மதகுரு. கதையையும் வரலாற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியவர்.

சரி, உங்கள் காட்சிக்கு வருவோம். என் கணிப்பில் இடறுவது அந்த வாள்தான். வாளைக் கீழே போட்டால் மனம் மாறிவிட்டது என்பது நம் காலத்து எண்ணம். அந்தக் காலத்து நார்வேயில் ஓலாவ் ட்ரிக்வஸன் என்ற அரசர் வாளைக் காட்டித்தான் ஞானஸ்நானமே கொடுக்கவைத்தார். ஓலாவ் என்றே பெயர்கொண்ட இன்னொரு நார்வே அரசர் 1030ல் ஸ்டிக்லஸ்டாட் போரில் வெட்டுப்பட்டுச் செத்துப் புனிதரானார். உங்கள் நாயகியிடம் வாளைக் கேட்கிற ஆள் அங்கே யாரும் இல்லை.

ஞானஸ்நானமும் பல சமயம் மலிவாகவே கிடைத்தது. செயின்ட் காலன் என்ற மடத்தில் இருந்த துறவி நோட்கர் ஒரு கதை சொல்கிறார். பக்திமான் லூயி பேரரசரின் அரண்மனைக்கு டேனியர்கள் ஈஸ்டர்தோறும் வந்து ஞானஸ்நானம் பெற்று, வெள்ளை அங்கியும் பரிசும் வாங்கிப் போவார்கள். ஒருமுறை கூட்டம் அதிகமாகிவிட, கிடைத்த முரட்டுத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தார்களாம். ஒரு கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது தடவை இங்கே முழுகியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நல்ல அங்கி தந்தீர்கள், இந்தச் சாக்கு பன்றி மேய்ப்பவனுக்குத்தான் ஆகும் என்று சத்தம் போட்டார். நோட்கர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனால் அந்தக் கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் நாவலில் அவரைப்போல ஒருவர்கூட இல்லை.

அப்படியானால் விசுவாசத்துக்கு அந்த மக்கள் எதை விலையாகக் கொடுத்தார்கள்? செத்தவர்களை. ஃப்ரீஸியத் தலைவர் ராட்போட் பற்றிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் வைக்கிங் அல்ல, அவர்களுக்கு முந்திய தலைமுறை, பக்கத்துக் கடற்கரைக்காரர். ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, ‘என் முன்னோர்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்று கேட்டார். நரகத்தில் என்று பதில் வந்தது. காலை வெளியே எடுத்துவிட்டார். இது புனிதர் வரலாறு ஒன்றில் வரும் கதை. நடந்ததோ இல்லையோ, இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் எழுந்திருக்கும். மேட்டில் புதைத்த அப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவது? உங்கள் நாயகிக்கு அப்பா உண்டு, அவரது வாளைத்தான் அவள் ஏந்துகிறாள். அவர் எங்கே போனார் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஐஸ்லாந்தில் குடியேறிய ஆட் என்ற பெண்ணைப் பாருங்கள். கணவர் டப்ளினை ஆண்ட வேறொரு ஓலாவ். மகன் தோர்ஸ்டைன் ஸ்காட்லாந்தில் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் கெய்த்னெஸில் காட்டுக்குள் ரகசியமாக ஒரு கப்பலைக் கட்டவைத்து, பேரப்பிள்ளைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஐஸ்லாந்தில் நிலம் பிடித்து, தன் அடிமைகளை விடுதலை செய்து அவர்களுக்கும் பங்கு கொடுத்தாள். குடியேற்றங்களைப் பதிவுசெய்த லாண்ட்னாமபோக், அவள் ஒரு குன்றில் சிலுவைகள் நட்டு ஜெபித்தாள் என்கிறது. சாகும்போது, மந்திரிக்கப்படாத மண்ணில் கிடக்க மாட்டேன், அலை ஏறி இறங்கும் கரையில் புதையுங்கள் என்றாள். அங்கே கோயிலும் இல்லை, மண்ணை மந்திரிக்கப் பாதிரியாரும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத கடலோரத்தைத் தேர்ந்துகொண்டாள். அவளுக்குப்பின் குடும்பம் பழைய வழிக்கே திரும்பியது. அதே குன்றில் பலிமேடை கட்டி, செத்தபின் அந்தக் குன்றுக்குள் போய்ச் சேர்வோம் என்று நம்பினார்கள். லக்ஸ்டேலா சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதைநூல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. கிறிஸ்தவளான அவளையே கப்பலில் கிடத்தி மேட்டுக்குள் புதைத்துவிட்டது!

இன்னொரு பெண்ணும் உண்டு. அந்த ஆயுதக் கல்லறை இருக்கும் அதே பிர்காவில், அதற்குச் சுமார் நூறாண்டு முன்பு, ஃப்ரீடேபுர்க் என்ற வசதியான கைம்பெண் இருந்தாள். ஸ்வீடனுக்குப் போன மிஷனரி ஆன்ஸ்காரின் வரலாற்றை எழுதிய ரிம்பெர்ட் சொல்வது இது. ஊரில் பாதிரியார் இல்லை. கடைசி நற்கருணை கிடைக்காமல் போய்விடுமோ என்று கொஞ்சம் திராட்சை ரசம் வாங்கிப் பாத்திரத்தில் வைத்திருந்தாள். என் மூச்சு அடங்கும்போது இதை என் வாயில் ஊற்று என்று மகள் கட்லாவிடம் சொல்லிவைத்தாள். நல்லவேளை, அதற்குள் பாதிரியார் ஒருவர் வந்து சேர்ந்தார். தன் சொத்தை ஏழைகளுக்குக் கொடு, இங்கே ஏழைகள் குறைவு, டோரெஸ்டாட் என்ற ஃப்ரீஸியத் துறைமுகத்துக்குப் போ என்றும் மகளிடம் சொன்னாள். மகள் கடல் கடந்து போனாள். இதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் உங்கள் மடத்துக் காட்சியைவிட இந்தப் பாத்திரம்தான் என்னை உலுக்கியது.

உங்கள் துறவி மன்னித்த கையோடு செத்துப்போகிறார். மறுநாள் காலை அவர் முகத்தில் நாயகி விழிக்க வேண்டியதில்லை. அந்த மன்னிப்பு லேசாகத் தெரிவது அதனால்தான். அவர் இடத்தில் ஓர் ஐரிஷ் அடிமைப்பெண்ணை வைத்துப் பாருங்கள். ஐஸ்லாந்தின் ஆதிக் குடியேறிகளில் பெண்களில் பாதிக்கு மேல் பிரிட்டன், அயர்லாந்து வம்சாவளி என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் பலர் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். அப்படி ஒருத்தி நாயகியின் வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டு இருக்கட்டும். அவளுடைய அண்ணனைக் கொன்றதும் நாயகியாகவே இருக்கட்டும். மன்னிப்பாளா மாட்டாளா என்பது ஒரே காட்சியில் முடியாது, ஒரு குளிர்காலம் முழுக்க இழுக்கும். அப்பாவைப் பற்றிய கேள்வியை நாயகி அவளிடம்தான் கேட்க முடியும். அவளுக்கும் பதில் தெரியாமல் இருக்கட்டும். நீங்கள் விசுவாசி என்பதால் பதில் சொல்லிவிடக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வாள் அவளிடமே இருக்கட்டும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 841ல் டப்ளினில் வைக்கிங்குகள் தளம் அமைத்தார்கள். அதற்குப் பிந்திய ஒரு தலைமுறைக்குள் கதையை வைத்தால் அடிமைச் சந்தை, கலப்புத் திருமணம், ஆட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாற்றி எழுதியதும் முதல் பகுதியை அனுப்புங்கள், படிக்கிறேன்.