பலகை எட்டாத இடம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள டீச்சர்,

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். இது எனக்கு மூன்றாவது ஆண்டு. குழந்தைகள் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்து எழுதுவதைப் படித்துவிட்டு, இந்த ஆண்டு வகுப்பின் ஒரு பக்கத்தில் மரக்கட்டைகள், களிமண், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தேன். நினைத்தபடி நடக்கவில்லை. கொஞ்சம் சிக்கல் வந்தாலும் “மிஸ், எனக்கு வரல, நீங்க பண்ணித் தாங்க” என்று வந்து நிற்கிறார்கள். செய்து கொடுத்தால் ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கொடுக்காவிட்டால் அழுகை. எப்போது உதவுவது, எப்போது விலகி நிற்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. பெற்றோரோ நோட்டில் என்ன எழுதினார்கள் என்றுதான் கேட்கிறார்கள். பேசாமல் பழையபடி ஒர்க்‌ஷீட்டுக்கே போய்விடலாமா என்று இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

போக வேண்டாம். செய்து கொடுத்தால் ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான்கு வயது முடிந்த ஒரு சிறுமி. கட்டைகளை அடுக்கி இரண்டு தூண் வைத்திருந்தாள். மேலே பலகை வைத்துப் பாலம் கட்ட வேண்டும். தூண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், பலகை எட்டவில்லை. ஒரு முனையைத் தூணில் வைத்தாள், மறுமுனை கீழே போனது. பலகையைக் குப்புறப் புரட்டி வைத்தாள், விழுந்தது. முன்பின்னாகத் திருப்பி வைத்தாள், விழுந்தது. அதே நீளத்தில் வேறொரு பலகையை எடுத்து வந்தாள், அதுவும் விழுந்தது. பலகையில்தான் ஏதோ கோளாறு என்று அவள் மனதில் இருந்தது. தூணை நகர்த்தலாம் என்பது தோன்றவே இல்லை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கை பரபரத்தது.

அதற்கு முன்பு ஒருமுறை இதே இடத்தில் ஒரு பையனுக்கு நான் விரலால் தூணைத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். “இப்ப வை பாரு” என்றேன். பலகை உட்கார்ந்தது. அவன் பாலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து வேறு பக்கம் போய்விட்டான். அது என் பாலமாகிவிட்டது, அவனுக்கு அங்கே இனி வேலை இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை கையைக் கட்டிக்கொண்டேன். அவள் அலுத்துப்போய்ப் பலகையைத் தரையில், இரண்டு தூணுக்கும் நடுவே போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பலகையின் முனைக்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்தத் தூணை இழுத்துப் பலகையின் முனையைத் தொடும்படி வைத்தாள். இப்போது சரி என்று பலகையைத் தூக்கி மேலே வைத்தால், இரண்டு தூணுக்கும் நடுவில் நேராகக் கீழே இறங்கிவிட்டது! இடைவெளியும் பலகையும் ஒரே அளவு. அவள் திகைத்ததை நான் மறக்க மாட்டேன். தூணை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தாள். பாலம் நின்றது.

அதோடு விடவில்லை. பலகையை எடுத்துவிட்டுத் தூணைக் கொஞ்சம் வெளியே தள்ளினாள், வைத்தாள், நின்றது. மறுபடி தள்ளினாள், நின்றது. இன்னும் கொஞ்சம், விழுந்தது. எதுவரை நிற்கும், எங்கே விழும் என்று தேடிக்கொண்டிருந்தாள். அளவு என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடத்தில் சொல்லித் தந்துவிட முடியும்?

அவளுக்குத் தப்பு என்று சொன்னது பலகை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்: பொருள் பதில் சொல்லட்டும். ஒர்க்‌ஷீட்டில் வரைந்த பாலம் விழாது. அதனால் சரியா தப்பா என்று டீச்சர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியே பழகிய குழந்தை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். உங்கள் வகுப்பில் இப்போது நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பழக்கம் மாறச் சில வாரங்கள் ஆகும்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இந்தக் கருத்து பொருளாகவே கிடைத்தது. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றில் பொருந்தப் பத்து உருளைகள். ஒல்லியானதை அகலமான குழியில் போட்டால் அப்போதைக்கு உள்ளே போய்விடும். கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று குழந்தையே பின்னோக்கித் தேட ஆரம்பிக்கும். அமெரிக்க ஆசிரியை கேரொலைன் பிராட் வடிவமைத்த மரக்கட்டைகளிலும் இது உண்டு. கட்டையின் அகலம் அதன் தடிமனைப் போல இரண்டு மடங்கு, நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. இரண்டு சின்னக் கட்டைகளைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம் சரியாக வரும். உங்கள் கட்டைகள் இப்படிப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். அளவு தாறுமாறாக இருந்தால் பொருள் சொல்லும் பதிலும் தாறுமாறாகத்தான் இருக்கும்.

முன்கூட்டியே காட்டிக் கொடுப்பதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. எலிசபெத் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புதுப் பொம்மை. அதில் சத்தம், விளக்கு, இசை, கண்ணாடி என்று நான்கு சங்கதிகள் மறைந்திருந்தன. சில குழந்தைகளுக்கு மட்டும் பெரியவர், ‘இது எப்படி வேலை செய்கிறது பார்’ என்று சத்தம் வருவதை வேண்டுமென்றே செய்து காட்டினார். அந்தக் குழந்தைகள் அதையே திரும்பச் செய்தார்கள், மற்றதைத் தேடியது குறைவு. தற்செயலாகப் பார்த்தவர்களும் எதுவும் காட்டப்படாதவர்களும் அதிக நேரம் துழாவினார்கள், அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் காட்டிவிட்டால் இதில் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் உதவவே கூடாதா? அழுகிற குழந்தையை அழவிட்டு விலகி நிற்பது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் போய் உட்காருங்கள். “எது விழுது, எனக்குக் காட்டு” என்று கேளுங்கள். காட்டுகிற வேகத்திலேயே பல குழந்தைகளுக்குப் பிடிபட்டுவிடும். இல்லையா, தூண் ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், முடிவு அவர்களிடம் இருக்கட்டும். நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது: கைக்கு வலு பத்தாத இடத்தில் உடனே உதவுவேன், யோசனை நடக்கிற இடத்தில் காத்திருப்பேன். டப்பா மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் திறந்து கொடுத்துவிடுங்கள். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

வயதும் முக்கியம். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், 21 மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு பிரமிடு செய்யும் வேலையை மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வயதுக்காரர்களை வேலைக்குள் ஈர்த்து வைப்பதே பெரிய பாடாக இருந்தது. நான்கு வயதில் வாய்வார்த்தையாகத் திருத்தினால் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ பெரும்பாலும் ‘சரிதானே?’ என்று உறுதிசெய்துகொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. உங்களிடம் நான்கும் ஐந்தும் கலந்து இருப்பதால் ஒரே மாதிரி உதவி எல்லோருக்கும் ஒத்துவராது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் குழந்தையே கண்டுபிடிக்க முடியாது. மூன்று என்ற பெயரை, ‘அ’ என்ற எழுத்தின் ஒலியைக் கட்டையும் தண்ணீரும் சொல்லித் தராது. மனிதர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டவை அவை. சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிக் கொடுங்கள். மிதக்குமா, விழுமா, பொருந்துமா என்பதை மட்டும் சொல்லாதீர்கள். களிமண் உருண்டை தண்ணீரில் மூழ்கும், அதே மண்ணைக் கிண்ணமாகக் குழித்தால் மிதக்கும். இதை முதலிலேயே சொன்னால் ஒரு நல்ல காலைப்பொழுது வீணாகும். (தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும் எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். சில அங்குல நீர்கூட ஆபத்து.)

பெற்றோருக்கு நோட்டு வேண்டும், அவ்வளவுதானே? எழுதுங்கள், ஆனால் நீங்கள் எழுதுங்கள். “இன்று பலகை ஐந்து முறை விழுந்தது. ஆறாவது முறை தூணை அவளே நகர்த்தினாள்.” இரண்டு வரி போதும். தினம் நான்கு குழந்தைகளுக்கு எழுதினால்கூட ஒரு சுற்று வந்துவிடும். முடிந்தால் கட்டியதைக் கலைக்காமல் மாலை வரை விட்டு வையுங்கள், அழைத்துப்போக வரும் பெற்றோருக்குக் குழந்தையே காட்டட்டும்.

நாளைக்குக் களிமண்ணையும் தொட்டியையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் கவனிப்பது உங்களுக்கும் கஷ்டம், குழந்தைகளும் ஒன்றில் நிலைக்க மாட்டார்கள். கட்டைகள் மட்டும் இருக்கட்டும். நேரத்தையும் துண்டு துண்டாக வெட்டாமல் சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் கொடுங்கள். முதல் கால் மணி நேரம் எடுப்பதிலும் கொட்டுவதிலும் போகும், பயப்படாதீர்கள். நீங்கள் தரையில் உட்காருங்கள், கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பரபரக்கிற கைக்கு அது நல்ல வேலை. மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், எப்படி வெளியே வந்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்