பெண்கள் வேதபாடம் அன்றாடப் பிரச்சினைகளுக்கு உண்மையில் உதவுமா?

கடன், மாமியார், பிள்ளைகள் என்று எதைச் சொன்னாலும் "விசுவாசமா இருங்க, ஜெபம் பண்ணுங்க" என்பதோடு எங்கள் பெண்கள் வேதபாடம் முடிந்துவிடுகிறது, இதனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நானும் பல வருடங்களாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன், அவ்வப்போது பாடம் நடத்துவதும் உண்டு. நான் பார்த்தவரை சிக்கல் வருவது வசனத்தை எடுக்கும் முறையில்தான். ஆறுதலான ஒரு வரியைத் தனியாகப் பிய்த்து, அழுகிறவள் கையில் கொடுத்துவிடுகிறோம். அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று பார்ப்பதில்லை.

பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வரும் பிலிப்பியர் 4:6 எல்லாருக்கும் மனப்பாடம்: ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள். அதற்கு நான்கு வசனம் முன்னால் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பேர் சொல்லி, ஒருமனமாயிருங்கள் என்று பவுல் கேட்டுக்கொள்கிறார். இருவரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பாடுபட்டவர்கள் என்கிறார். அவர்களுக்கு உதவச் சொல்லி இன்னொருவரையும் கேட்கிறார். சபையில் நன்றாக உழைத்த இரண்டு பெண்களுக்குள் ஏதோ ஒத்துப்போகவில்லை! (எந்தக் குழுவில்தான் இது இல்லை?) கவலைப்படாதே என்று சொல்வதற்கு முன்பே, பிணக்கைத் தீர்க்க ஆள் ஏற்பாடு செய்கிறார். இதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வசனம் நம் வீட்டுக்குள் வரும்.

கடன் விஷயத்துக்கு 2 இராஜாக்கள் 4:1-7 போதும். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார், கர்த்தருக்குப் பயந்து நடந்தவர்தான். கடன் கொடுத்தவன் இரண்டு மகன்களையும் அடிமைகளாகப் பிடித்துப்போக வருகிறான். அவருடைய விதவை மனைவி எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிடுகிறாள். "விசுவாசம் போதவில்லை" என்று எலிசா சொல்லவில்லை. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை வாங்கச் சொல்கிறார், அதுவும் நிறைய. கடன்பட்ட வீட்டுப் பெண் தெருவில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று பாத்திரம் கேட்டிருப்பாள், எத்தனை பேர் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு குடத்திலிருந்து ஊற்ற ஊற்ற, எல்லாப் பாத்திரமும் நிறையும்வரை எண்ணெய் பெருகியது அற்புதம். அதன் பிறகும் விற்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், மிச்சத்தில் பிழைக்க வேண்டும். இதைப் படித்த அன்று எங்கள் குழுவில் ஒருவர், தனக்கு மொத்தம் எவ்வளவு கடன் என்று முதல்முறையாகத் தாளில் எழுதிக் கூட்டியதாகச் சொன்னார். எனக்கு அது ஜெபத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் குடிக்கிறார், கத்துகிறார் என்றால் 1 சாமுவேல் 25-இல் அபிகாயிலைப் பாருங்கள். கணவன் நாபால் அவமதித்ததால் தாவீது ஆட்களோடு பழிவாங்க வந்தபோது, கணவனிடம் சொல்லாமலே உணவை ஏற்றிக்கொண்டு அவரை எதிர்கொண்டு போகிறாள். திரும்பி வந்தால் நாபால் குடித்து வெறித்திருக்கிறான். அன்று இரவு வாய் திறக்காமல், போதை தெளிந்த பிறகு காலையில்தான் விஷயத்தைச் சொல்கிறாள். பொறுமையோடு சமயோசிதமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அடி, மிரட்டல் என்றால் வசனம் சொல்லி அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் குழுவை நான் நம்பமாட்டேன். முதலில் பாதுகாப்பான இடம், உதவி செய்யக்கூடியவர்கள். பாடம் அப்புறம்.

விடையே கிடைக்காத பிரச்சினைகளும் உண்டு. அவற்றுக்குச் சங்கீதம் 88 இருக்கிறது. கடைசி வரி வரை இருள்தான், ஆனாலும் கர்த்தரை நோக்கியே கதறுகிறது. அதை வாசித்துவிட்டு, உடனே யாரும் ஆறுதல் சொல்லாமல் கொஞ்சம் சும்மா இருந்தாலே பெரிய காரியம். எல்லாவற்றையும் இழந்த யோபுவோடு அவர் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது, பேசத் தொடங்கியதும் அவரையே குற்றம் சொன்னார்கள்!

இன்னொன்று: ஜெபக்குறிப்பு (எல்லாரும் ஜெபிக்கச் சொல்லிப் பகிர்வது) என்ற பெயரில் ஒருத்தியின் வீட்டு விஷயம் அடுத்த நாளே ஊர் முழுக்கப் போகும் என்றால், யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள். இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் குழுவில் நீங்களே ஒரு பகுதியை முன்மொழிய முடிந்தால், அந்த விதவையின் கதையை எடுங்கள். ஏழே வசனங்கள். வாசித்த பிறகு, "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.